பால்சுறாவுக்குத் தேடிய புகை ஐஸ்

திரேஸ்புரத்துப் பேபிக்குக் கோபம் வந்தால் முதலில் தலையில் இருக்கும் மீன்கூடையைக் கீழே இறக்கி வைப்பாள். அப்புறம் முந்தானையை இடுப்பில் செருகுவாள். அதற்குமேல் எதிரே நிற்பவர் பாடு திண்டாட்டம்தான். அன்றைக்கு விடிந்ததிலிருந்து கூடையை இறக்குவதும் ஏற்றுவதுமாகவே இருந்தாள்.

அவள் தங்கை விஜிலா பெங்களூரில் பிள்ளை பெற்றுப் பதினோரு நாள். கல்யாணமாகி ஒன்பது வருசம் கழித்து வந்த பிள்ளை. பெற்றவளுக்குப் பால் ஊறவில்லை. போன் எடுத்தாலே பிள்ளை அழுகிற சத்தம்தான். பால்சுறாவைப் புட்டு வைத்துக் கொடுத்தால் ஊறும் என்பது பேபியின் தீர்மானம். அதை மாற்ற யாராலும் முடியாது. போன வாரம் பஸ்ஸில் ஒரு பெட்டி ஏற்றி விட்டாள். ஐஸ் உருகித் தண்ணீர் ஒழுகுகிறது என்று பாதி வழியிலேயே பெட்டியை இறக்கிப் போட்டுவிட்டார்கள். மீன் அங்கேயே நாறிப் போனது.

இப்போது பேபியின் புருசன் கிளாட்வினின் அக்காள் மகன் ரெக்சன் மறுநாள் காலை விமானத்தில் பெங்களூர் போகிறான்.

"மாமி, தண்ணி சொட்டுத ஐஸ்னா ஏத்த மாட்டான். ட்ரை ஐஸ் வச்சுத் தாங்க. ரெண்டரை கிலோ வரைக்கும் விடுவானாம், கேட்டுட்டேன். மூடிய மட்டும் இறுக்கி ஒட்டிராதீங்க, புகை வெளிய போவணும்."

ஐஸுக்கா பஞ்சம் என்று கிளம்பினாள் பேபி. ஐஸ் பேக்டரியில் சிரித்தார்கள். "அது தண்ணி ஐஸ் இல்லக்கா, வாயுவ இறுக்கிச் செய்யுதது. நம்மகிட்ட ஏது?"

அங்கிருந்து மீன் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றின் வாசலுக்குப் போனாள். காவலாளி கேட்டைத் திறக்கவே இல்லை. "தனியாளுக்குத் தர மாட்டாங்க. லெட்டர்பேடு இருக்கா? ஜிஎஸ்டி நம்பர் இருக்கா?"

கூடை இறங்கியது. "ஏலே, எங்க ஆளுவ புடிச்ச றாலத்தான ஜப்பானுக்கு அனுப்புதிய? வாங்கும்போது லெட்டர்பேடு கேட்டியளா? கப்பல் கப்பலா ஊருக்கெல்லாம் போவும், எந்தங்கச்சிக்கு ரெண்டு கிலோ போவாதோ?"

காவலாளி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டான். ரெக்சன் போனில் தேடி ஒரு நம்பர் தந்தான். தூத்துக்குடியிலேயே கிடைக்கும் என்று போட்டிருந்ததாம். போனை எடுத்த ஆளோ மதுரையில் இருந்தான். ஐம்பது கிலோவுக்குக் குறைந்து கிடையாது என்றான்.

"அம்பது கிலோவ வச்சுத் திமிங்கலத்தையா அனுப்பப் போறேன்?" என்று போனிலேயே ஒரு பிடி பிடித்தாள்.

கடைசியில் ஆட்டோக்காரர் சுடலைக்கண்ணன்தான் வழி சொன்னார். "கல்யாண மண்டபத்துல பொண்ணு மாப்பிள்ள நடந்து வரும்போது வெள்ளையா ஒரு புகை விடுதானுவளே, அது இந்த ஐஸ்தான்க்கா."

பேபி முந்தானையை இடுப்பில் செருகினாள். படம் பிடிக்கப் புகையாய் விடுவதற்கு உண்டு, பிள்ளை பெற்றவளுக்கு இல்லையா? அந்தக் கோபத்தோடேயே அன்றைக்குக் கல்யாணம் இருந்த மண்டபத்துக்குப் போனாள். மேடை அலங்காரக்காரன் செந்தில்வேல் காலையில்தான் மதுரையிலிருந்து ஒரு பெட்டி கொண்டுவந்திருந்தான். பேபி கூடையை இறக்கினால் என்ன ஆகும் என்பது அவனுக்கும் தெரியும். விசயத்தைக் கேட்டதும், காற்றில் கரைவது போக இருக்கட்டும் என்று மூன்று கிலோவைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தான்.

"வெறுங்கையால தொட்டுராதீங்கக்கா, பொத்துப் போவும். காசு கெடக்கட்டும், கூடைய மட்டும் கீழ வைக்காதீங்க."

வீட்டில் அதை வைத்துவிட்டு, "மீன் எடுத்துட்டு வாரேன், இதப் பாத்துக்கிடும்" என்று கிளாட்வினிடம் சொல்லிக் கரைக்கு ஓடினாள். நாட்டுப்படகு அப்போதுதான் வந்திருந்தது. நாலு பால்சுறா, கண் மின்னுகிற மீன், கிடைத்தது.

திரும்பி வந்தால் வாசல்படி தெரியவில்லை. வீடு முழுக்க வெள்ளைப் புகை. முழங்கால் வரை புகைக்குள் வாளியும் கையுமாகக் கிளாட்வின் நிற்கிறான். முப்பது வருசம் கடலுக்குப் போன மனுசன். கட்டியில் ஒட்டிய சாக்குத் தூசியும் உமியும் போகக் கழுவாமல் ஒருநாளும் அவன் மீனுக்கு ஐஸ் போட்டதில்லை. இதையும் கழுவியிருக்கிறான். ஒரு வாளி போதாதென்று இரண்டாவது வாளியும் ஊற்றியிருக்கிறான். ஐஸ் மொத்தமும் புகையாய்ப் போயிருந்தது.

"ஐஸக் களுவாம எப்பிடிளா மீன்ல போட?" என்றான் பரிதாபமாக.

பேபி கூடையை இறக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் கிளாட்வின் பயந்தே போனான்.

"தெர்மாகோல் பெட்டியத் தூக்கும். நடயும்."

மண்டபத்தில் மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் வாசலில் தயாராக நிற்கிறார்கள். செந்தில்வேல் கடைசிக் கட்டிகளைப் புகை மிசினில் போடப் போனான். பேபி அவன் கையைப் பிடித்தாள்.

"போடாத."

"ஐயோ, இதான்க்கா மிச்சம். பொண்ணு வந்து நிக்குது!"

மாப்பிள்ளையின் தாய் பட்டுச்சேலை சரசரக்க வந்தாள். "யாரு இது? புகை இல்லாம எம்பிள்ள எப்பிடி வருவான்?"

"கால் இருக்குல்லா? நடந்து வரட்டும். அங்கன ஒரு பிள்ள பதினோரு நாளா பசியில கத்துது. நாளைக்கு ஒம்மருமவளும்தான் பெறுவா, அன்னிக்குப் புகையக் கரச்சா குடுப்ப?"

மணப்பெண் மாலைக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அண்ணாச்சி, அவங்களுக்குக் குடுங்க" என்றாள். மாமியார் வாயைத் திறப்பதற்குள் செந்தில்வேல் பாதியைப் பெட்டியில் தள்ளிவிட்டான். அன்றைக்கு மாப்பிள்ளைக்குக் கணுக்கால் வரைதான் புகை வந்தது. வீடியோக்காரனும் பேபியைத் திட்டினான். அவனும் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

வீட்டில் குழாய்ப் பக்கமே கிளாட்வினை அவள் விடவில்லை. மூடியில் தானே நாலு ஓட்டை குத்தி, தானே ரெக்சன் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மறுநாள் மத்தியானம் விஜிலா போன் பண்ணினாள். பின்னால் பிள்ளை கத்திக்கொண்டிருந்தது.

"அக்கா, மீனு கல்லு மாதிரி வந்துருக்கு. பால் ஊறுமாக்கா?"

"ஊறாம எங்க போவும்? மொதல்ல அடுப்பப் பத்த வையி. மீன நல்லாக் களுவிட்டுப் போடு."

பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த கிளாட்வின் தலையை நிமிர்த்தினான். பேபி ஒரு முறை முறைத்தாள். அவன் மறுபடி வலைக்குள் குனிந்துகொண்டான்.