வரப்பைத் தாண்டிய ட்ரோன்

பத்தாவதோடு படிப்பு நின்றது. போர்வெல் லாரி, செங்கல் சூளை, ஐதராபாத்தில் டைல்ஸ் வேலை என்று சுற்றிவிட்டு, பயிருக்கு மருந்தடிக்கும் ட்ரோன் ஓட்டக் கற்றுக்கொண்டேன். போன தை மாதம் காவாந்தண்டலத்தில் ஒரு கழனிக்குக் கூப்பிட்டார்கள்.

நிலத்துக்காரருக்கும் அவர் அண்ணனுக்கும் வரப்புத் தகராறு, பேச்சுவார்த்தை இல்லை. இவருடையது பிந்தி நட்ட பயிர். பக்கத்தில் அண்ணன் கழனி, மறுநாள் அறுப்பு.

"இன்னா ஆனாலும் அவன் நெல்லு மேல வுடாத. களத்துல நேரா எறக்கு" என்றார் நிலத்துக்காரர்.

நான் எப்போதும் சாய்வாகத்தான் இறக்குவேன். நேராக வேகமாக இறங்கினால், விசிறி கீழே தள்ளிய காற்றே சுற்றி மேலே வந்து மறுபடியும் விசிறிக்குள் விழும். பிறகு அதற்குப் பிடிப்பு இருக்காது. ஆனால் களத்துக்கு ஒரு பக்கம் மின்கம்பி, இரண்டு பக்கம் தென்னை. திறப்பு அண்ணன் பக்கம் மட்டும்தான்.

தொட்டியில் பாதி மருந்து இருக்கும்போதே பேட்டரி தீரப்போகிறதென்று ரிமோட் கத்தத் தொடங்கியது. நேராக இறக்கினேன். காற்று அதை வரப்புப் பக்கம் ஒதுக்கியது. உடனே நிலத்துக்காரர் அடியில் ஓடி நின்று, காக்கா விரட்டுவதுபோலத் துண்டை வீசினார்.

"யோவ், நவுருய்யா!"

"வரப்பத் தாண்டுதுடா!"

ட்ரோன் உதறியது. தென்னை உயரத்திலிருந்து பொதபொதவென்று சரிந்தது. மேலே ஏற்ற ரிமோட்டின் இடது குச்சியைத் தள்ளினேன். இன்னும் வேகமாக விழுந்தது. ஆறு விசிறிக்கும் நேர் கீழே அவர் தலை.

ஏற்றுவதை விட்டேன். வலது குச்சியை முழுதாகப் பக்கவாட்டில் சாய்த்தேன். அவர் துண்டை உரசிக்கொண்டு வரப்பைத் தாண்டியது. புதுக் காற்று கிடைத்ததும் சட்டென்று நிமிர்ந்து, நெல்லுக்கு இரண்டடி மேலே நின்றது. அடியில் வட்டமாகக் கதிர் படுத்துவிட்டது. சாய்வாகத் திருப்பிக் களத்தில் இறக்கினேன்.

அண்ணன்காரர் ஓடிவந்தார். "எவன்டா என் நெல்ல சாச்சது?"

நிலத்துக்காரர் என்னைக் கைகாட்டுவார் என்று நினைத்தேன். அவர் களத்தில் உட்கார்ந்துவிட்டிருந்தார். கிழிந்த துண்டு மடியில் கிடந்தது.

"நாந்தாண்ணா. என் மேல வுயுந்துடும்னு இவன் தள்ளி வுட்டான்."

அண்ணன் துண்டைப் பார்த்தார், படுத்த நெல்லைப் பார்த்தார். "இத மிசினு அறுக்குமாடா? காலைல அருவா எடுத்துக்கினு நீயே வா."

"வரேன்."

பேட்டரியைக் கழற்றப் போனேன்.