எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்ட சபை ஜமக்காளம்

மோசஸ் அண்ணன் போய்விட்டார்.

காலையில் செய்யார் போகும் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து போனைத் திறந்தபோதுதான் பார்த்தேன்... இறங்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. ஷிஃப்ட் முடித்து வந்து இப்போதுதான் எழுதுகிறேன்.

ஆரணிக்காரர்கள் சிலருக்கு அவரைத் தெரிந்திருக்கும். பஜாரில் பட்டுப் புடவைக்கு ஃபால்ஸ் அடித்து, முந்தானைக்குக் குச்சு கட்டித் தரும் சின்னக் கடை. கழுத்தில் இன்ச் டேப், வாயில் ஏதாவது ஒரு ஞானப்பாட்டு. சுருதி மட்டும் சேரவே சேராது.

எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டு ஜெபம். வாரம் ஒரு வீடு. எல்லார் வீட்டிலும் நாற்காலி இருக்காது என்பதால் சபைக்கென்று ஒரு பெரிய ஜமக்காளம் உண்டு.

கூட்டம் முடிந்த வீட்டுக்காரர்தான் அதை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மோசஸ் அண்ணன் போட்ட சட்டம் இது.

"எதுக்குண்ணே இந்தச் சுமை, சர்ச்சிலயே வெச்சா போறவங்க எடுத்துக்க மாட்டாங்களா?" என்று கேட்டேன்.

"ஜமக்காளம் குடுக்குற சாக்குல அந்த வீட்ல அடுப்பு எரியுதான்னு பாத்துகினு வரலாம்லம்மா" என்றார்.

என் வீட்டுக்காரர் பைக்கிலிருந்து விழுந்து கால் உடைந்து கிடந்தது அப்படித்தான் சபைக்குத் தெரியவந்தது. ஜமக்காளம் கொண்டுவந்த அக்கா பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லியிருக்கிறார். மறுநாளிலிருந்து சாப்பாட்டு கேரியர் வர ஆரம்பித்தது. ஆறு வாரம்... ஒரு மதியம்கூடத் தவறவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மோசஸ் அண்ணன் முறை. அவர் மனைவி ஊரில் இல்லை, அவரே சாம்பார் வைத்துக் கொண்டுவந்தார். துளி உப்பு இல்லை.

"உப்பு கம்மியா சாப்ட்டா பிரஷர் வராதும்மா" என்று சொல்லிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு வேகமாகப் போய்விட்டார். நானும் என் வீட்டுக்காரரும் சிரித்து முடியவில்லை. கால் உடைந்த பிறகு அவர் சிரித்தது அன்றுதான்.

அப்புறம் கொரோனா வந்தது. கடைசிக் கூட்டம் எங்கள் சேவூர் வீட்டில். அடுத்த வாரம் எல்லாம் மூடிவிட்டார்கள், ஜமக்காளம் எங்கள் பீரோ மேலேயே தங்கிவிட்டது.

எல்லாம் திறந்த பிறகும் நான் சர்ச்சுக்குப் போகவில்லை. யாரோடும் சண்டை இல்லை. களைப்பு... அவ்வளவுதான். ஆறு நாள் கம்பெனி, ஞாயிறு ஒரு நாள்தான் எனக்கென்று. துணி துவைத்துக்கொண்டே போனில் ஆராதனை பார்த்துவிடலாம். நல்ல பிரசங்கம், நல்ல பாட்டு, ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

மோசஸ் அண்ணன் கேட்டார். பார்க்கும்போதெல்லாம் கேட்டார்.

"ஆண்டவர் போன்ல வர மாட்டாராண்ணே?" என்று ஒருநாள் எரிந்து விழுந்துவிட்டேன்.

"வருவார்மா ஷீலா, ஏன் வர மாட்டாரு? ஆனா போன்ல பேசுற பாஸ்டருக்கு இன்னிக்கி நீ வரலன்னு தெரியுமா?"

நான் பேச்சை மாற்றினேன். ஜமக்காளத்தை வீட்டுக்காரரிடம் கொடுத்து அனுப்புவதாகச் சொன்னேன்.

"அதெல்லாம் வாணாம். முறைன்னா முறைதான். நீ வரும்போது எடுத்துகினு வா. அதுவரைக்கும் நாங்க பாய்ல குந்திக்கிறோம்."

இந்தப் பேச்சுக்குப் பயந்தே, இரண்டு மாதத்துக்கு முன்பு தங்கை கல்யாணப் புடவையை வேறு கடையில் ஃபால்ஸ் அடிக்கக் கொடுத்தேன். வெளியே வருகிறேன், எதிர் டீக்கடையில் அவர். என் கையில் அந்தக் கடை ரசீது.

"மழ வர மாரி கீது, ஜல்தி வூட்டுக்குப் போம்மா" என்றார். புடவையைப் பற்றிக் கேட்கவில்லை, ஜமக்காளத்தைப் பற்றியும் கேட்கவில்லை. அதுதான் கடைசியாகப் பார்த்தது.

சபை வாட்ஸப் குரூப்பை மியூட்டில் போட்டு வருஷக்கணக்காகிறது. இன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் பழைய மெசேஜ்களைத் தள்ளித் தள்ளிப் படித்தேன்.

மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். யார் கூட இருப்பது, யார் கஞ்சி எடுத்துப் போவது... நாளுக்கு ஒரு பெயராக எழுதியிருக்கிறார்கள். என் பெயர் எங்குமே இல்லை, எப்படி இருக்கும்?

நான் வரவில்லை என்பது அவருக்கு ஒவ்வொரு வாரமும் தெரிந்திருந்தது. அவர் மூன்று வாரம் கடைக்கே வராதது எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது.

சாயங்காலம் குரூப்பில் ஒருவர் கேட்டிருந்தார்: "நாளைக்கி அண்ணன் வீட்ல ஜனங்க உக்கார பாய் பத்தாது. சபை ஜமக்காளம் யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்டதான். நானே எடுத்துட்டு வரேன்" என்று போட்டேன். இத்தனை வருஷத்தில் அந்தக் குரூப்பில் நான் போட்ட முதல் மெசேஜ்.

நாளைக்கு லீவு சொல்லிவிட்டேன். ஜமக்காளத்தை இறக்கி, உதறி, மடித்து வைத்திருக்கிறேன்.

போய்ட்டு வாங்கண்ணே... ரொம்ப லேட்டாதான் எடுத்துகினு வரேன்.