வாய்க்காலடியில் அரை மணித்தியாலம்

போன கிழமை கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். பழைய மணிக்கூடுகள் சேர்க்கிறவர். அண்ணையின் கைமணிக்கூட்டுக்கு விலை மதிக்க வந்தவர். ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு, முகப்பு பழையதுதான், எண்கள் தேயவில்லை, உள்ளே துரு இல்லை என்று சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார். பிறகு ஒரு சின்னத் திசைகாட்டியைப் பக்கத்தில் வைத்தார். ஊசி மணிக்கூட்டுப் பக்கம் திரும்பிவிட்டது. "காந்தம் ஏறியிருக்கு அம்மா. ஒரு நிமிச வேலை, எடுத்துத் தாறன். நல்ல விலை போகும்" என்றார். அதில் கைவைத்தால் கையை முறிப்பேன் என்று பறித்துவிட்டேன். மனுசன் பயந்துபோனார், பாவம். எனக்குச் சின்ன வயதிலிருந்தே பொல்லாத வாய்.

ஐம்பதுகளின் கடைசியில், இரணைமடுக் குளத்தின் கீழ் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தோம். அப்பா இல்லை, வயல் முழுக்க அண்ணையின் பொறுப்பு. எனக்குப் பதினெட்டு வயது. மழையில்லாத சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் முறைவைத்துத்தான் வரும். காலை ஆறிலிருந்து பன்னிரண்டு வரை பக்கத்துக் காணிக்காரருக்கு, பிறகு எங்களுக்கு. அவரிடம் மணிக்கூடு இல்லை. வரம்பில் தடி நட்டு நிழல் பார்ப்பார். அண்ணைக்கும் எனக்கும் அது பெரிய பகிடி.

அந்தச் சிறுபோகத்தில் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு றேடியோ வந்தது. மறுநாள் காலை ஆறு மணிச் செய்திக்கு அண்ணை மணிக்கூட்டைச் சரிபார்த்தார். முதல்நாள் பற்றரி பூட்டக் கழற்றிய றேடியோவின் பின்பலகை இன்னும் கழன்றே கிடந்தது. உள்ளே ஒலிபெருக்கியின் முதுகு தட்டையாக இருந்ததால், மணிக்கூட்டை அதன்மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். அந்த முதுகு காந்தம் என்று எங்களுக்கு என்ன தெரியும்? குளித்துவிட்டு வந்து கட்டிக்கொண்டு வயலுக்குப் போனார்.

நான் சோறு கொண்டுபோனபோது எங்கள் வயல் வெடித்துக் கிடந்தது. மணிக்கூட்டில் பன்னிரண்டு. அண்ணை மண்வெட்டியோடு பக்கத்துக் காணிக்காரரிடம் போய், "நேரம் முடிஞ்சுது, மடையை அடையுங்கோ" என்றார். அவர் தடியைக் காட்டி, "இன்னும் அரை மணித்தியாலம் கிடக்குத் தம்பி" என்றார். "மணிக்கூடு பொய் சொல்லுமோ? நீங்கள் களவாப் பாய்ச்சுறியள்." களவு என்றதும் அவர் மடைக்குள் இறங்கிக் கையை விரித்து நின்றார். அண்ணை தள்ளினார். அவர் அண்ணையின் கன்னத்தில் அறைந்தார். அண்ணை திரும்பி என்னைப் பார்த்தார். சோறு ஆறுது, வாங்கோ என்று நான் சொல்லியிருக்கலாம். "பாத்துக்கொண்டே நிக்கிறியள்? போடுங்கோ ஒண்டு" என்றேன். மண்வெட்டி அவருடைய கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இறங்கியது. ஈரக் களியை வெட்டும் அதே சத்தம். இழுக்க வரவில்லை, அண்ணை அவருடைய நெஞ்சில் காலை வைத்து உதைத்துத்தான் இழுத்தார். அவர் மடைக்குக் குறுக்கே விழுந்து கிடந்தார். சிவந்த தண்ணீர் அவரைச் சுற்றிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தது.

அந்தச் சாவுக்காக அண்ணை ஏழு வருடம் மறியல்வீட்டில் இருந்தார். நான் சொன்னதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஊருக்குச் செத்தவர்தான் கள்ளன். அவருடைய மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கடைக்குப் போனாலும் 'தண்ணிக் கள்ளன்ரை பெண்சாதி' என்று அவவுக்குக் கேட்கவே சொன்னார்கள். நான் வவுனியாவில் மணிக்கூடு திருத்துகிறவரைக் கலியாணம் செய்தேன். அண்ணை வெளியே வரப்போகிறார் என்று, அது நடந்த நாளிலிருந்து அலுமாரியில் கிடந்த மணிக்கூட்டைத் துடைத்துத் தரச் சொன்னேன். கணவர் சாவி கொடுத்து ஓடவிட்டுப் பார்த்தார். மணித்தியாலத்துக்கு ஐந்து நிமிடம் முந்தி ஓடியது. "காந்தம் ஏறியிருக்கு. றேடியோவுக்குள்ள வைச்சதோ?" என்று கேட்டார். ஆறு மணித்தியாலத்துக்கு அரை மணித்தியாலம். மணிக்கூட்டை அவருடைய கையிலிருந்து பறித்தேன். காந்தத்தை எடுக்க அவரை விடவில்லை. செத்தவருக்கு வேறு சாட்சி இல்லை.

மறியல் முடிந்து ஊருக்கு வந்த அண்ணைக்குச் சொன்னேன். நெற்றி உடையும்வரை தலையைத் தூணில் அடித்தார். இரத்தத்தைத் துடைக்கவும் விடாமல் நேரே அக்காவின் வீட்டுக்கு நடந்தார். நானும் மணிக்கூட்டோடு பின்னால் போனேன். அக்கா முற்றம் கூட்டிக்கொண்டு நின்றா. "அவர் களவெடுக்கேல்லை அக்கா. என்ரை மணிக்கூடுதான் பிழை" என்றார் அண்ணை.

விளக்குமாற்றைத் திருப்பிப் பிடித்துத் தடியால் அடித்தா. முகம், தோள், கை என்று பார்க்கவில்லை. மூச்சு வாங்கி நின்று, "இதை வாய்க்காலடியில எல்லாருக்கும் சொல்லுவியோ?" என்றா.

"சொல்லுறன்."

"அரை மணித்தியாலம் பொறுத்திருக்கலாமே, தம்பி."

அண்ணை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"அண்ணை பொறுத்திருப்பார் அக்கா" என்றேன். "அடியுங்கோ எண்டு சொன்னது நான்."

முதல் அடி காதோடு விழுந்தது. நான் கையைத் தூக்கி மறிக்கவில்லை.