கரண்ட் இல்லாதபோது அமுக்கும் பொத்தான்

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி தயாரிக்கும் கம்பெனி ஒன்றில், துணியை நீராவியில் வைத்துக் கிருமி நீக்கும் புது இயந்திரத்துக்கு நான்தான் புரோகிராம் எழுதினேன். உள்ளே ஆவி இருக்கும்வரை கதவு திறக்கக்கூடாது. பலமுறை ஓட்டிப் பார்த்தேன், திறக்கவில்லை.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டில் உட்கார்ந்து, நடக்கக்கூடிய எல்லா நிலைகளையும் கணித முறையில் சரிபார்க்கும் மென்பொருளில் அதைப் போட்டேன். ஒரு வழி இருப்பதாக அது காட்டியது: கரண்ட் போனபின் கதவுப் பொத்தானை அமுக்கிப் பிடித்திருந்தால், கரண்ட் வந்ததும், உள்ளே ஆவி இருக்கும்போதே கதவு திறந்துவிடும்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. கரண்ட் இல்லாதபோது யார் பொத்தானை அமுக்கப் போகிறார்கள்?

மறுநாள், அந்த இயந்திரத்தை ஓட்டப்போகிற மாரிச்செல்வியிடம் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"நான் அமுக்குவேனேக்கா. பழைய மிசின்ல கரண்டு போனா அப்படித்தான் புடிச்சிக்கிட்டு நிப்போம். வந்த உடனே தொறக்கணும்ல?"

கதவு அவள் முகத்துக்கு நேராக இருந்தது.

புரோகிராமைத் திருத்தி மறுபடி சரிபார்த்தேன். ஆவி இருக்கும்போது கதவு திறக்க ஒரு வழியும் இல்லை என்று நிரூபணமானது.

"இனி ஆவி இருக்கையில தொறந்துராதுல்லக்கா?" என்று கேட்டாள் மாரிச்செல்வி.

இப்படி யார் கேட்டாலும் 'தொறக்காதுன்னுதான் நெனைக்கேன்' என்பதே இத்தனை வருஷமும் என் பதில். அன்று முதல்முறையாக, "தொறக்காது" என்றேன்.