பாவாயிக்கு இடமில்லாத பாட்டு

நான்கு ஓரமும் கறுப்புக் கோடு போட்ட ஒரு தாள்தான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. பிள்ளைகளே, நீங்கள் பிறப்பதற்கு முன்னால் நான் சேலத்தில் ஓர் அச்சுக்கூடத்தில் ஈய எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தேன். இறந்தவர்மேல் பாட்டுக் கட்டி, அச்சடித்து, கருமாதியன்று வாசித்துக் கொடுப்பது அப்போது வழக்கம். சரமகவி என்பார்கள். எங்களுக்கு அதை எழுதித் தந்தவர் ஒரு புலவர். அவர் பாட்டுகளைக் கோத்துக் கோத்தே எனக்கும் அசை பிரிக்க வந்துவிட்டது.

ஆத்தூர் அரிசி ஆலைக்காரர் ஒருவரின் மனைவிக்கு, "கண்மணியே கமலம் எங்கே, கைவிளக்கே கமலம் எங்கே" என்று எழுதியிருந்தார். நாலடியில் எட்டுத் தடவை 'கமலம் எங்கே' வரும். ஒரு நீண்ட சீர், பின்னால் இரண்டு சின்னச் சீர் என்று ஓடும். கூப்பிட்டும் வராதவளை மறுபடி மறுபடி கூப்பிடுகிற மாதிரி இருக்கும். நானே மெச்சினேன்.

அடுத்த மாதம் வெண்ணந்தூர் நெசவுக்காரர் ஒருவர், காய்ச்சலில் போன மகளுக்காக வந்தார். "கமலம் பாட்டுக்குக் கோத்து வைத்த எழுத்துக் கட்டைப் பிரிக்காதே, அதையே போடு" என்றார் புலவர். போட்டேன். நெசவுக்காரருக்குப் படிக்கத் தெரியாது. வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"ஏனுங்க, கமலங்கிறது யாருங்க? எம் புள்ள பேரு பாவாயிங்க."

புலவர் விரல் மடக்கினார். "பா, வா, யி. மூன்றசை. அந்த இடம் இரண்டசைக்குத்தான். பாவாயியைப் போட்டால் ஓசை கெட்டுவிடும்."

"கெட்டாக் கெடட்டுமுங்க. ஊட்டுல அவளப் பெத்தவ பாவாயி பாவாயின்னுதான் அழுவறா. அவ முன்னால வேற எவ பேரையோ படிக்கச் சொல்றீங்களா சாமி?"

"பார்த்தாயா, தறிக்குழிக்குள் யாப்பு படித்திருக்கிறார்!" என்று புலவர் என் பக்கம் திரும்பினார். நான் சிரித்தேன்.

"அப்ப வேண்டாமுங்க" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர் போய்விட்டார்.

சிரிக்கும்போதே எனக்குத் தெரியும். நீண்ட சீரின் இடத்தில் பெயரை வைத்து, 'பாவாயி கண்ணே எங்கே' என்றால் போதும். அதே ஓட்டம், ஓர் இழைகூடப் பிசகாது. என்னைவிட நன்றாக அது புலவருக்குத் தெரியும்.

எட்டாம் நாள் ஒரு பெரிய பண்ணைக்காரரின் தாயார் இறந்தார். பெயர் நாச்சாயி. பாவாயியோடு அசைக்கு அசை ஒன்று. கமலத்தின் கட்டை எடுத்து வைத்தேன்.

"ஐயையோ, பிரி, பிரி! யார் வீட்டுக்குப் போகிறது தெரியுமா?" என்று புலவர் பதறினார். அங்கேயே உட்கார்ந்து, காப்பி ஆறுவதற்குள் எழுதி முடித்தார். 'நாச்சாயி அம்மா எங்கே' என்று எட்டுத் தடவை. ஓசை கெடவில்லை.

எட்டு இடத்திலும் அந்தப் பெயரை நான்தான் கோத்தேன். பாவாயியைப் பற்றி அவரிடம் அன்றைக்கும் ஒரு வார்த்தை நான் எடுக்கவில்லை.