லண்டனுக்குப் போன பொடியனும் என் கையெழுத்தும்

உண்மையை முழுசாய்ச் சொல்லுகிற பத்தொன்பது வயதுப் பொடியனை நான் இன்னும் காணவில்லை. அவன் சொல்லுகிற பொய்க்குள் எவ்வளவு நிசம் கிடக்கிறது என்று கிண்டிப் பார்க்கத்தான் எனக்குச் சம்பளம். ஜெர்மனியில் நான் இளையோர் நீதிபதி. கொலோனில் இருந்து ஒரு மணித்தியாலம் ஓடினால் வரும் இளையோர் சிறைக்குக் கிழமைக்கு ஒருநாள் போவேன். தண்டனையில் பாதி, முக்கால் முடித்தவனை மிச்சம் முடிய முன்னமே வீட்டுக்கு விடலாமா, கூடாதா என்று கேட்டுத் தீர்மானிப்பது என் வேலை. கையெழுத்தைப் போட்டால் அவன் வீட்டில், போடாவிட்டால் உள்ளே. வீட்டில் ஒரு பொடியனை வைத்துக்கொண்டு, "எங்கை போனனி, ஆரோடை போனனி" என்று நாளாந்தம் விசாரணை நடத்துகிற உங்களுக்கு என் பாட்டை விளக்கத் தேவையில்லை. நீங்களும் என் கட்சிதான், உங்களுக்குச் சம்பளம் இல்லை, பாவங்கள்.

ஒரே வசனம், மூன்று வாய்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் மூன்று பேரை விசாரித்தேன். முதலாவது ஆள் உள்ளே வந்து, கதிரையில் இருந்து, நிலத்தைப் பார்த்தபடி சொன்னான்: "நான் செய்த பிழையை முழுமையாய் உணர்ந்து, பாதிக்கப்பட்டவரின் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன்." எனக்கு நெஞ்சு உருகிப் போச்சுது. இரண்டாவது ஆளும் வந்து, நிலத்தைப் பார்த்து, அதையே சொன்னான். உருகின நெஞ்சு அப்படியே இறுகிப் போச்சுது.

மூன்றாவது ஆள் நல்ல உயரமான ஒரு ஜெர்மன் பொடியன். "முழுமையாய் உணர்ந்து" வரைக்கும் வந்தான். அதற்கு மேல் ஓடவில்லை. முகட்டைப் பார்த்தான், யன்னலைப் பார்த்தான். "சரி, மிச்சம்?" என்றேன். அவன் கொஞ்சமும் கூச்சப்படாமல் சொன்னான்: "மிச்சத்தை முதல் வந்தவனிட்டைக் கேளுங்கோ அம்மா, அவன்தான் எழுதினவன்."

சோபாவின் சொந்தக்காரர்

விடுவதென்றால் எனக்கு இரண்டு பதில் வேணும்: எங்கே இருப்பாய், என்ன செய்வாய். ஒருத்தன் பெரியம்மா வீட்டில் இருப்பேன் என்றான். பெரியம்மாவுக்கு ரெலிபோன் எடுத்தால், "ஓம், இருக்கலாம். ஆனால் ஒரு சோபாதான் இருக்கு, அதில் எங்கட நாய் படுக்கும்" என்றா. அப்போ பொடியன் எங்கே படுப்பான் என்று கேட்டேன். யோசித்துச் சொல்லுறன் என்று வைத்துவிட்டா.

விசாரணையன்று மனுசி மழையில் நனைந்து, இரண்டு பஸ் மாறி வந்து சேர்ந்தா. பையில் இருந்து ஒரு படத்தை எடுத்து மேசையில் வைத்தா. சின்ன அறை, புதுக் கட்டில், அதற்கு மேல் பூப்போட்ட போர்வை. எனக்குக் கண் கலங்கிப்போச்சுது, சத்தியமாய். நாய்க்குப் பொறாமை வராதோ என்று பகிடிக்குக் கேட்டேன். மனுசி பகிடியாய் எடுக்கவில்லை. "சோபா நாயினுடையது, கட்டில் பொடியனுடையது, நான் ரெண்டு பேருக்கும் தனித்தனியாய்ச் சொல்லிப்போட்டன்."

அன்னதான வரிசையில் ஒரு மனு

உதைபந்தாட்ட உலகக் கிண்ணம் ஜெர்மனியில் நடந்த கோடை. ஊன்ட்றொப் என்கிற ஊரில் இருக்கிற அம்மன் கோயில் தேருக்குப் போயிருந்தேன். அன்னதான வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அக்கா ஒருத்தி திரும்பி மேலும் கீழும் பார்த்தா. "நீங்கள்தானே அந்த ஜட்ஜ் பிள்ளை?"

அவ ஆரையாவது சொல்ல வெளிக்கிட முதல் நான் கையைக் காட்டி மறித்தேன். வெளியில் வழக்குக் கதைக்க ஏலாது, அக்கா ஆரின் பேரையாவது சொன்னால் நான் அந்த வழக்கில் இருக்கவே ஏலாது என்று விளக்கினேன். எல்லாம் விளங்கின மாதிரித் தலையை ஆட்டினா. வரிசை நகர்ந்தது. சோறும் பருப்பும் வாங்கினோம். பிரியும்போது என் காதுக்குக் கிட்ட வந்தா. "நான் ஒண்டும் கேக்கேல்லைப் பிள்ளை. ஆரை விட்டாலும் அட்டமி நவமியிலை மட்டும் விடாதேங்கோ."

லண்டன்

அடுத்த மாதம் சுதனின் கோப்பு வந்தது. எங்கட தமிழ்ப் பொடியன், பத்தொன்பது வயது. கூட்டாளிகளோடு சேர்ந்து றெயில் நிலையத்தில் ஆட்களை மறித்துக் கைத்தொலைபேசி பறித்தவன். ஒருத்தரின் பல்லும் போயிருந்தது. இரண்டு வருசத் தண்டனை. உள்ளே வெதுப்பகத்தில் வேலை பழகியிருந்தான், சிறை அதிகாரிகளின் அறிக்கை நல்லாய் இருந்தது. வெளியில் ஒரு பேக்கரி முதலாளி, செப்டம்பர் முதலாம் திகதி வந்தால் தொழில் பழக்குகிறேன், வராவிட்டால் அடுத்தவனுக்குக் கொடுப்பேன் என்று எழுதியிருந்தார். குறைவது ஒன்றுதான், இருக்க ஒரு வீடு. அது கிடைக்காவிட்டால் பேக்கரியும் போய், இன்னும் ஒன்பது மாதம் உள்ளே.

தாயும் தகப்பனும் வந்திருந்தார்கள். எனக்குத் தமிழ் தெரியும் என்றாலும் நீதிமன்ற மொழி ஜெர்மன். ஆகவே இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளர் அண்ணை. அவர் மகா மரியாதைக்காரர். தகப்பன் "பிள்ளை" என்றால் அவர் "மதிப்புக்குரிய நீதிபதி அவர்களே" என்பார். நான் தமிழையும் கேட்டு, அதற்குப் பூச்சூடிய ஜெர்மனையும் கேட்டுக்கொண்டு சிரிக்காமல் இருக்கவேணும்.

மகனை வீட்டில் வைத்திருப்பீர்களா என்று கேட்டேன். தகப்பன் சொன்னார்: "வைச்சிருப்பன் பிள்ளை. ஆனால் இப்ப வேண்டாம். செப்டம்பரிலை மகள் பெரியபிள்ளையானதுக்குச் சாமத்தியவீடு. மண்டபத்துக்கு முந்நூறு சனம் வரும். அவன் லண்டனிலை படிக்கிறான் எண்டு எல்லாருக்கும் சொல்லி வைச்சிருக்கிறன். மூண்டு வருசப் படிப்பு. இடையிலை வந்து நிண்டால் என்னெண்டு சொல்லுறது? அடுத்த வருசம் விடுங்கோ."

அண்ணை தொண்டையைச் செருமிவிட்டு, "குடும்பக் காரணங்களால் தந்தை பிந்திய ஒரு திகதியை விரும்புகிறார்" என்று மொழிபெயர்த்தார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. முந்நூறு பேருக்குச் சொன்ன ஒரு பொய்க்காகப் பெத்த பிள்ளை ஒன்பது மாதம் உள்ளே கிடப்பதோ? சுதனைப் பார்த்தேன். அவனுக்கும் தமிழ் விளங்கும். காது சிவந்துபோய் இருந்தான். பிறகு தகப்பனைப் பார்த்து, மெல்லச் சொன்னான்: "அப்பா, எனக்குப் பள்ளிக்கூடத்திலை இங்கிலீசிலை எப்பவும் பெயில். லண்டனை விட்டிட்டு வேறை ஊரைச் சொல்லியிருக்கலாம்."

அம்மா வாய் திறந்தது

தாய் பக்கத்துக் கதிரையில் இருந்தா. கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தா. நான் அவவைக் கேட்டேன், உங்களுக்கு என்ன விருப்பம்? தகப்பன் பதில் சொல்ல வாயெடுத்தார். மனுசி அவரின் கையைப் பிடித்து அமத்தினா.

"ஆர் கேட்டாலும் நான் சொல்லுறன், ஜெயிலிலை இருந்து வந்தவன் எண்டு. மண்டப வாசலிலை நிண்டு சொல்லுறன். ஒண்டேகால் வருசமாய் இவனுக்கும் சேர்த்துச் சோறு போட்டுப் போட்டுக் கொட்டுறன். எனக்கு ஏலாது. என்ர பிள்ளையைத் தாங்கோ."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆனாலும் பதிவுக்கு மொழிபெயர்ப்பு வேணும். அண்ணையைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திருப்பிப் போட்டார், அன்றைக்கு முதல் தடவையாய் ஒரு சொல்லும் கூட்டாமல், ஒரு சொல்லும் குறைக்காமல், கொட்டின சோறு உட்பட எல்லாவற்றையும் சொன்னார். தகப்பன் தலையைக் குனிந்தார். வீட்டு முகவரிக்குரிய படிவத்தை அவருக்கு முன்னால் தள்ளினேன். பேனாவை எடுத்தார். "எங்கை பிள்ளை போடுறது?"

அவரின் கையெழுத்துக்குக் கீழே நானும் போட்டேன். ஆகஸ்ட் கடைசிக் கிழமை சுதன் வீட்டுக்குப் போனான்.

முந்நூறு பேர்

ஒக்டோபரில் ஒருநாள் நீதிமன்ற வாசலில் தகப்பன் பலகாரப் பெட்டியோடு நின்றார். பலகாரம் வாங்க எனக்கு அனுமதி இல்லை என்றேன். பரவாயில்லை, நான் வைச்சிருக்கிறன் என்று பெட்டியைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். பொடியன் விடிய மூன்றரைக்கு எழும்பி வேலைக்குப் போறானாம், ஒருநாளும் பிந்தவில்லையாம். சாமத்தியவீட்டில் என்ன நடந்தது என்று கேட்கக் கூடாது, ஆனாலும் கேட்டேன்.

மண்டப வாசலில் மகனைப் பக்கத்தில் நிறுத்தி வைத்து, முதல் வந்த சொந்தக்காரரிட்டையே உண்மையைச் சொன்னாராம். அந்த மனுசன் சுதனைக் கட்டிப்பிடித்தாராம். ஆனால் ஆச்சரியப்படவில்லையாம். அடுத்து வந்தவரும் ஆச்சரியப்படவில்லை, அதற்கடுத்தவரும் இல்லை. சொல்லிக்கொண்டு வர அவருடைய குரல் உடைந்து போச்சுது, முகம் சிரித்தது.

"எல்லாருக்கும் முதலே தெரியுமாம் பிள்ளை. என்ர முகத்துக்காகத்தான் இவ்வளவு நாளும் லண்டனிலை மழையோ எண்டு கேட்டவையாம்."

இந்த உத்தியோகத்தில் நான் கண்ட மிச்சம் இதுதான்: பொடியனை விடுவிக்க என் கையெழுத்து ஒன்று போதும், தகப்பனை விடுவிக்கத்தான் ஒரு தாயும் முந்நூறு சனமும் வேணும்.