தோள்பட்டையில் ஒரு பள்ளம்

வீட்டுக்குள் கூரைக்குப் பெயின்ட் அடிக்க யாரும் லேசில் முன்வர மாட்டார்கள். கழுத்து ஒடியும், கண்ணில் சொட்டும். அவள் அதைத்தான் கேட்டு வாங்குவாள். நாற்பத்தாறு வயது. சாப்பாட்டுக்கு மட்டுமே ஏணியை விட்டு இறங்குவதால் வேலையிடத்தில் எல்லோருக்கும் அவள் ஏணியக்கா.

ஒரு பள்ளிக்கூட மாடிப்படிக்கு மேலே பெயின்டுக்கு முன் பூசிய பட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஏணி வழுக்கியது. வலது கையால் ஜன்னல் கம்பியைப் பற்றி அப்படியே தொங்கினாள். ஆட்கள் ஓடிவந்து இறக்கினார்கள். எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்தக் கை இடுப்புக்கு மேலே எழும்பவில்லை. முதலில் பார்த்த மருத்துவர் சுளுக்கு என்றார். அடுத்தவர் வயசு என்றார். மேஸ்திரி அவளை வாசல் கேட்டுகளுக்குப் பெயின்ட் அடிக்க அனுப்பினார். இடது கையால் அடித்தாள். வலியை விட அதுதான் அவளுக்குக் கசந்தது.

நான்கு மாதம் இப்படிப் போனது. அவளுடைய தங்கை தையல்காரி. அக்காவின் புதுச் சட்டைக்கு அளவெடுக்கும்போது முதுகில் டேப்பை ஓட்டியவள் சட்டென்று நிறுத்தினாள். வலது தோள்பட்டை எலும்புக்கு மேலேயும் கீழேயும் சதை வற்றி, விரல் புதையும் அளவுக்குப் பள்ளம்.

"அக்கா, இது சுளுக்கு இல்ல. ரெண்டு பக்கமும் ஒரே அளவு வரல. நாளைக்கே பெரிய டாக்டரப் பாக்கறோம்."

ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு ஓர் இருட்டறையில் தசையின் மின்துடிப்பைச் சத்தமாக்கிக் காட்டும் ஓர் இயந்திரத்தோடு இணைத்த மெல்லிய ஊசியைத் தசைக்குள் ஏற்றி, அவளைக் கையைத் தூக்க முயலச் சொன்னார்கள். நல்ல தோளில் மழை கொட்டுவது போல இரைந்த இயந்திரம், இந்தத் தோளில் ஏதோ ரெண்டு சொட்டு விழுந்த மாதிரி சத்தம் போட்டது. அறுவை மருத்துவர் படத்தைக் காட்டி விளக்கினார்.

"தசைய எலும்போட சேக்கற நாண் கிழிஞ்சு உள்ள சுருங்கிப் போயிருக்கு. போகும்போது பக்கத்துல ஓடுற நரம்பையும் இழுத்துட்டுப் போயிருக்கு. அதனாலதான் தசை வத்துது. நரம்பு அறுந்து போகல. நாணைப் பழைய இடத்துல கொண்டுவந்து தைச்சா, நரம்பு முழிச்சுக்கலாம். ஆனா கண்டிப்பா வரும்னு சொல்ல மாட்டேன்."

தங்கை என்ன நூலில் தைப்பீர்கள், எத்தனை தையல் என்று துருவித் துருவிக் கேட்டாள். மருத்துவரும் பொறுமையாகப் பதில் சொன்னார். ஏணியக்கா மட்டும் ஒரே வரியில் முடித்தாள்: "தைங்க டாக்டர். மீதிய நான் பாத்துக்கறேன்."

சிறு துளைகள் வழியாகவே நாணை இழுத்து எலும்போடு சேர்த்துத் தைத்தார்கள். ஆறு வாரம் கை கழுத்தில் மாட்டிய பட்டையில் தொங்கியது. தலைவாரிவிட்டதும் சட்டைப் பொத்தான் போட்டதும் தங்கைதான். பட்டையைக் கழற்றிய பிறகுதான் உண்மையான பாடு. பயிற்சி அறையில் பயிற்சியாளர் அம்மா, சுவரில் விரல்களை நடத்திக் கையை மேலே ஏற்றும் வேலை கொடுத்தார். முதல் வாரம் நெஞ்சு உயரம்கூட எட்டவில்லை. மூன்றாம் மாதம் வந்தும் பள்ளம் நிரம்பவில்லை. கண்ணாடியில் அதைப் பார்த்த அன்று மட்டும் அவள் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். மறுநாள் வழக்கம்போலப் பயிற்சிக்குப் போனாள்.

ஆறாம் மாதம் மறுபடியும் ஊசி ஏற்றினார்கள். கையைத் தூக்கச் சொன்னதும் இயந்திரம் படபடவென்று இரையத் தொடங்கியது. பயிற்சியாளர் அம்மா சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தார். ஏணியக்கா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே கிடந்தாள். போதும் என்று சொன்ன பிறகும் தோளை இறுக்கிக்கொண்டே இருந்தாள்.

பத்தாம் மாதம் மருத்துவர் வேலைக்கு அனுமதி கொடுத்தார். அப்போது மேஸ்திரி கையில் ஓர் உள்விளையாட்டு அரங்க வேலை இருந்தது. கூரையின் உயரத்தைப் பார்த்தே இரண்டு பேர் வேண்டாம் என்று போய்விட்டார்கள். முடியுமா என்று அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். அவள் உருளையைப் பெயின்டில் தோய்த்துச் சாரத்தில் ஏறினாள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஓய்வெடுத்து, பன்னிரண்டு நாளில் கூரை முழுவதையும் வலது கையாலேயே முடித்தாள். ஒரு திட்டு, ஒரு கோடு இல்லை. கடைசி நாள் மேஸ்திரி நடுவில் நின்று வெகுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, அடுத்த கட்டடத்துக்கு அவளையே தலைமை ஆளாகப் போட்டார்.

மேலேயிருந்தபடியே அவள் கேட்டாள்: "அங்க கூரை எவ்வளவு உசரம்?"